நாலு மணிப் பசிக்கு நாமே பொறுப்பு
போளூர் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்காமார்களே, மதினிமார்களே, தங்கச்சிகளே,

பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவர்கள் நீங்கள். சாயங்காலம் பை தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரு பசி வருகிறது. மூணு மணிக்குத் தலைகாட்டி நாலரைக்குள் ஆளைச் சுருட்டிவிடுகிற பசி. அந்தப் பசியைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் அங்கன்வாடி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருடைய பிள்ளைகளை எடை பார்த்த கை இது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளின் காலைப் பசியை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிராமங்களில் அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் கிண்டி இறக்குவது உங்களைப் போன்ற குழுப் பெண்கள்தான். மதியப் பசிக்கு 1982 ஜூலை முதல் தேதியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இருக்கிறது. சோறும் முட்டையும், வாரத்தில் ஒரு நாளாவது பயறோ சுண்டலோ வருகிறது. கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். ஆனால் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்து வாயில் சோறு போவது ராத்திரி எட்டு மணிக்கு. நடுவிலே ஏழரை மணி நேரம். அந்த நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை. அதை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறார்கள். நாம் அதைப் பெட்டிக்கடையிடம் விட்டுவிட்டோம்.

கடையில் சரம் சரமாகத் தொங்குகிற அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைதா, சர்க்கரை, பாமாயில், உப்பு என்று இந்த நாலையும் வேறு வேறு நிறத்தில் அடைத்து விற்கிறார்கள். பிள்ளை தின்கிறது, அரை மணி நேரம் துள்ளுகிறது, ஆறு மணிக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே தூங்கி வழிகிறது. சர்க்கரையும் மைதாவும் சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். ஏறின வேகத்திலேயே இறங்கும். இறங்கும்போது முன்பைவிட அதிகமாகச் சோர்வு தட்டும். பயறிலும் கடலையிலும் புரதமும் நாரும் எண்ணெய்ச் சத்தும் சேர்ந்தே இருப்பதால் அவை மெதுவாகச் செரிக்கும். தின்றது இரண்டு மூணு மணி நேரத்துக்கு நிற்கும். தின்று போட்ட உறை காற்றில் பறந்து ஓடையில் விழுவதும், காட்டுமாடு அதை வாயில் போடுவதும் தனிக் கவலை.

மத்தியானத்துக்கு மேல் வருகிற அசதியைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதியம் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் உடம்பே கொஞ்சம் தணியும். அது மனிதருக்கு இயற்கை. வயிறு நிறையச் சோறும் கொஞ்சமே குழம்புமாகச் சாப்பிட்டிருந்தால் அந்தத் தணிவு இன்னும் கூடும். நம் மலையில் இன்னொரு காரணமும் உண்டு. குளிரில் தாகம் தெரியாது. காலையில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூண்டு பிடுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுங்க மறைவான இடம் கிடையாது என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். தலைவலியும் கிறுகிறுப்பும் பாதி அதனால் வருவதுதான். தோட்டத்துக்காரரிடம் கூலி பேசும்போதே, மறைவாகப் போக ஓர் இடமும் வேண்டும் என்று சேர்த்துப் பேசுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அடுத்து டீ. இந்தக் குளிரில் டீயை விடச் சொல்லும் மனசு எனக்கு இல்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. டீயை எப்போது குடிக்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. வரப்பில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரில் ஐந்து பேர். பயறிலும் கேழ்வரகிலும் எள்ளிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீயின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் போன்றவை கூட இருந்தால் அதே இரும்பு உடம்பில் சேர்கிறது. அதனால் சுண்டல் தின்கிற நேரத்தில் அதன்மேல் ஓர் எலுமிச்சை பிழியுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சூடாக ஏதாவது வேண்டும் என்றால் சுக்குமல்லிக் காபி போடுங்கள். டீயில் சர்க்கரையையும் குறைக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிளாசுக்கு இரண்டு கரண்டி என்று நாலு டீ குடித்தால் எட்டாகிவிடுகிறது. வேறு எதுவுமே தின்னாமல்.

என்ன செய்யலாம் என்றால், புதிதாக எதையும் தேட வேண்டாம். நம் காட்டிலேயே பாதி கிடக்கிறது. பட்டாணியும் பட்டர் பீன்ஸும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, திரும்பி வருகிற வண்டியில் பிஸ்கட் இறக்குகிறோம். ஏற்றக் கூடாது என்று சொல்லவில்லை, அதுதான் பிழைப்பு. ஆனால் தரம் பிரிக்கும்போது கழிகிற பொடி உருளைக்கிழங்கு இருக்கிறதே, அது சத்தில் பெரிய கிழங்குக்கு எள்ளளவும் குறைந்ததில்லை. தோலோடு அவித்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி, இரண்டு சொட்டு நல்லெண்ணெயில் புரட்டினால் நாலு மணிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஒன்றே ஒன்று மட்டும் பாருங்கள். வெயில் பட்டுப் பச்சையாகிப்போன கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பச்சையில் நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது.

மலையில் சமைப்பதற்கென்று சில சூட்சுமங்கள் உண்டு. கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சிகளுக்கு இது முதல் வருஷத்தில் பெரிய தலைவலியாக இருக்கும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் மேல்மலை ஊர்களிலும் 100 டிகிரி வரைக்கும் ஏறாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் கொண்டைக்கடலை கல் மாதிரியே கிடக்கும். திறந்த சட்டியில் எத்தனை விறகு எரித்தாலும் இதே கதைதான். குக்கருக்குள் அழுத்தம் சேர்ந்து சூடு 110 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் சுண்டல் இல்லை. ஊறப்போடும்போதும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க அடுப்பு ஓரத்தில் மூடி வையுங்கள். பாசிப்பயறு முளைகட்டுவதற்கு மதுரையில் ஒரு ராத்திரி போதும். இங்கே இரண்டு நாள், மார்கழியில் மூணு நாள்கூட ஆகும். ஈரத்துணியில் முடிந்து, அடுப்பின் கதகதப்பு படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை துணியை நனையுங்கள். முளைத்ததைப் பச்சையாகப் பிள்ளைக்குக் கொடுக்காமல் ஒரு ஆவி காட்டிக் கொடுங்கள். தாளிப்பில் தேங்காய்க்குப் பதில் வறுத்த நிலக்கடலைப் பொடியைத் தூவலாம். மலைக்கு மேலே தேங்காய் விற்கிற விலைக்கு அதுதான் கட்டும், சத்தும் கூடும்.

கேழ்வரகைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும். சுமை தூக்குகிற பெண்ணின் இடுப்புக்கும் வளர்கிற பிள்ளையின் எலும்புக்கும் இதைவிட மலிவான மருந்து இல்லை. கேழ்வரகை ஒரு நாள் ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து வறுத்து அரைத்தால் அதிலிருக்கும் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு இறங்கிக் கிடக்கும்போது இங்கே எதுவும் காயாது, பூசணம் பூத்துவிடும். தையில் இருந்து சித்திரை வரைக்கும் வெயில் நிற்கிற மாதங்களில் குழுவாகச் சேர்ந்து மாவு அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாவில் கொஞ்சம் எடுத்து, பொடியாக நறுக்கிய பூண்டுத்தாள், வெங்காயம், துருவிய கேரட், உப்பு சேர்த்துப் பிசைந்து அடை தட்டிப் பாருங்கள். கீழ்நாட்டில் முருங்கைக்கீரை போட்டுத் தட்டுவார்கள். நமக்குப் பூண்டுத்தாளின் வாசம் போதும். வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற பூண்டுக்கு இங்கிருந்துதான் பேர். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூண்டின் இளந்தாளை நாம் தின்னாமல் வேறு யார் தின்பது?

காட்டுக்குக் கொண்டுபோக வசதியானது உருண்டைதான். நிலக்கடலை இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. கடலையை இளந்தீயில் வறுத்து, தோலை ஊதிவிட்டு, பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். கடலையையும் ஒரு கை வறுத்த எள்ளையும் கொட்டிக் கிளறின உடனே வேகமாக உருட்ட வேண்டும், ஏனென்றால் நம் குளிரில் பாகு கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். இரண்டு பேர் உருட்டுகிற வேலைக்கு இங்கே நாலு பேர் வேண்டும். சட்டியைச் சுடுதண்ணீர் அண்டாவின் மேல் வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். கையில் அரிசி மாவு தடவிக்கொள்ளுங்கள், சூடு பட்டுக் கொப்பளிக்காமல் இருக்கும். 30 கிராம் உருண்டை ஒன்றில் கடலை மட்டும் 20 கிராம் இருந்தால் ஏறக்குறைய 5 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டைக்குக் கிட்டத்தட்ட ஈடு. வெல்லம் மருந்து என்று நினைத்து அள்ளிப் போட வேண்டாம். அதுவும் சர்க்கரைதான், பாகு பிடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு உருண்டையே வேண்டாம், சுண்டல் கொடுங்கள். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக் கடலையோ உடைத்த கடலையோ கொடுக்கவே கூடாது, புரையேறி மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்து மாவாக்கிக் கொடுங்கள். ஈரம் பட்டுப் பூசணம் பூத்த கடலையையும், வாயில் போட்டதும் கசக்கிற கடலையையும் தயங்காமல் தூக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுசாக அழியாது. காற்றுப் புகாத எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினால் மஞ்சுக் காலத்திலும் உருண்டை நமுத்துப் போகாது.

அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவை வாங்கி, தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு வைக்கிற வீடுகள் இருக்கின்றன. பிள்ளை தின்ன மாட்டேன் என்கிறது என்பார்கள். கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் தின்னாத பிள்ளை, அதே மாவில் கொஞ்சம் நெய்யும் ஏலக்காயும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்து வேகவைத்துக் கொடுத்தால் தின்னும். கீழ்மலை பக்கம், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக வருகிற மலைவாழைப்பழத்தை மசித்துப் பிசைந்தால் வெல்லமே வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டையும் ஒதுக்க வேண்டாம். சுற்றுலாக்காரர்களுக்கு மில்க்ஷேக் போட மட்டும் விளைந்தது என்று நினைக்காமல் அரைப் பழத்தில் உப்பும் மிளகும் போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டதும் உங்கள் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, தண்ணி பிடித்து, சமைத்து, காட்டுக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைக்கிறவளிடம் வந்து இன்னொரு வேலையைச் சொல்கிறாளே இவள் என்று ஓடும். நியாயம்தான். பலகாரம் செய்வதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தனித்தனியாகத் தன் தலையில் சுமக்க வேண்டும் என்றால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். நான் கேட்பது குழுவாகச் செய்யச் சொல்லி. 1989-இல் தருமபுரியில் பெண்கள் மேம்பாட்டுத் திட்டமாகத் தொடங்கியதுதான் தமிழ்நாட்டில் இன்று கிராமம்தோறும் இருக்கிற மகளிர் குழு. சேமிப்பும் கடனும் தவணையும் பேசி முடித்ததும் கூட்டம் கலைகிறது. அந்தக் கூட்டத்தின் கடைசியில் இரண்டு மணி நேரம் சேர்ந்து அடுப்பு மூட்டினால் பத்து வீட்டுக்கு ஒரு வாரத் தீனி முடிந்துவிடும். ஒரு வீட்டுக்குத் தனியாகக் கால் கிலோ கடலை வறுக்கிற நேரத்தில் பத்து வீட்டுக்குச் சேர்த்து வறுத்துவிடலாம். சில்லறையாக வாங்குவதைவிட மொத்தமாக ஒட்டன்சத்திரத்திலோ பழனியிலோ வாங்கினால் விலையும் குறையும்.

வீட்டு ஆண்களையும் இழுத்துப் போடுங்கள். கேழ்வரகு மூட்டையை மில்லுக்குச் சுமந்துபோய் அரைத்து வருவதும், பத்து கிலோ கடலையை இரும்புச் சட்டியில் நின்று வறுப்பதும், விறகு பிளப்பதும் அவர்களுக்குப் பழகாத வேலை ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தியில் கரண்டி பிடிக்கிற கை வீட்டிலும் பிடிக்கும். தோட்டக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. ஆள் பிடிக்க அலைகிற காலம் இது. மூணு மணிக்கு டீயோடு பன் கொடுக்கிற பணத்தில் அவித்த பட்டாணியோ உருண்டையோ கொடுத்தால் கடைசி ஒரு மணி நேர வேலை தரமாக நடக்கும். அந்த உருண்டையை இந்தக் குழுக்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள்.

தோட்டத்தில் தின்பதற்கு முன்னால் ஒரு காரியம் கட்டாயம். நம் காட்டில் பூண்டுக்கும் உருளைக்கும் கேரட்டுக்கும் மருந்து அடிக்காத வாரம் குறைவு. மருந்து அடித்தவர் மட்டுமல்ல, மருந்து பட்ட செடியைத் தொட்டுக் களையெடுத்தவரும் அதே கையால் உருண்டையை எடுத்துத் தின்றால் நாம் இத்தனை பாடுபட்டுச் செய்ததற்கு அர்த்தமே இல்லை. சோப்பு ஒரு கட்டியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் வரப்பில் இருக்க வேண்டும். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிய பிறகே சம்படத்தைத் திறக்க வேண்டும். சம்படத்தை மருந்து டப்பா இருக்கிற மூலையில் வைக்காதீர்கள். காலி மருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. காட்டில் பிடுங்கிய கேரட்டைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கடிப்பதையும் பிள்ளைகளிடம் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு மனு. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. நீலகிரிக்குப் பொருந்துகிற காரணம் கொடைக்கானல் தாலுகாவுக்கும் அப்படியே பொருந்தும்: குளிர், மலை, தூரம், கூலி வேலை, ஏற்றிவருகிற வண்டிக் கூலியால் மலையில் எகிறும் விலை. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற சபையில், எங்கள் ஊர் ரேஷன் கடையிலும் விருப்பப்பட்ட குடும்பத்துக்குக் கேழ்வரகு வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் குழுக்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். ஓர் ஊர் கேட்பதைவிட ஐந்து ஊர் கேட்டால் கலெக்டர் அலுவலகத்தில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முதல் தடவைக்கு உருண்டையும் பட்டாணிச் சுண்டலும் மட்டும் போதும், எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் போட வேண்டாம். கடலையும் எள்ளும் வாங்கி வைப்பது ஒரு குழு, வெல்லம் இன்னொரு குழு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய இரும்புச் சட்டியும் ஜல்லிக்கரண்டியும் என்னிடம் இருக்கின்றன. கொண்டுவருகிறேன், பாகு பதம் பார்க்கவும் கூட நிற்கிறேன். வெயில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்து, குழுத் தலைவியிடம் சொல்லி எனக்குத் தகவல் அனுப்புங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு மூடி போட்ட சம்படம் எடுத்துக்கொண்டு, உருட்டக் கூடுதலாக ஓர் ஆளையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அங்கன்வாடி அக்கா